துணைக்குரல்

பதிவு 212: மார்ச் 14, 2061, காலை 8.10
மன்னார் வளைகுடா, நாற்பது மீட்டர் ஆழம். சர்வர் அறை வெப்பம் சரி. 'அருகே' தளத்தில் தொண்ணூறு கோடிக் கணக்குகள் பேசிக்கொண்டிருப்பதாகக் கண்காணிப்புப் பலகை சொல்கிறது. உலகமே இனி இதற்குள்தான் வாழும் என்று ஒரு காலத்தில் மேடை போட்டுச் சொன்னார்கள். நானும் கை தட்டினேன். இப்போது காவலுக்கு மிஞ்சியிருப்பது பெல்சிட்டா என்கிற நான் ஒருத்திதான். படகு வியாழக்கிழமை வரும்.

பதிவு 213: காலை 11.40
மேலே ஏறும் கூண்டுக்குப் போகிற வெளிக்கதவின் மோட்டார் கருகிவிட்டது. அதே மின்கம்பியில் இருந்த காற்றுச் சுத்திகரிப்பானும் நின்றுவிட்டது. கதவைக் கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. இருக்கிற காற்று மாலை ஐந்தே முக்கால் வரை தாங்கும்.

கரையோடு பேசும் தொலைபேசி இணைப்பைப் போன வருடமே பிடுங்கிவிட்டார்கள். அருகே இருக்கும்போது போன் எதற்கு என்றார்கள். அவசரப் படிவத்தில் தம்பி ரெமியின் போன் நம்பரைக் கேட்ட இடத்தில் அவனுடைய அருகே பெயரை எழுதிக் கொடுத்த அறிவாளி நான்.

பதிவு 214: மதியம் 12.05
அருகே-யில் எழுதினேன்: "கடலுக்கடியில் மாட்டிக்கொண்டேன். கடற்காவல் படைக்குச் சொல்லுங்கள்." மூன்று நொடியில் நாற்பதாயிரம் இதயக்குறி. "உங்க எழுத்து அருமை தோழி" என்று ஒருவர்.

ஒருவர் என்ன ஒருவர். எல்லாம் துணைக்குரல். ஆள் ஒரு மணி நேரம் பேசாவிட்டால், அவருடைய பழைய பேச்சைப் பார்த்து அவர் மாதிரியே கணக்கு தானாகப் பேசும். யாரும் தனிமையை உணரக் கூடாது என்று அதைச் செய்த குழுவுக்கு நான்தான் தலைவி. விருதுகூட வாங்கினேன். நிறுத்தும் அதிகாரம் கரையில் இருக்கிறது.

பதிவு 215: பிற்பகல் 2.30
ரெமிக்குத் தனியாக எழுதினேன். "சூப்பர்க்கா" என்று உடனே பதில். பலகையைப் பார்த்தேன். அவன் நிஜமாக உள்ளே வந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் என் பிறந்தநாளுக்கு அவன் பாடி அனுப்பியதைக் கேட்டு அழுதேனே.

நிஜ ஆட்கள் இன்று மொத்தம் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் எழுதிவிட்டேன். துணைக்குரல்களின் இரைச்சலில் எவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. தலை வலிக்கிறது. பயமாக இருக்கிறது.

பதிவு 216: மாலை 5.31
மயங்கிவிட்டேன் போல. அதற்குள் என் துணைக்குரலும் ரெமியின் துணைக்குரலும் மீன்குழம்பைப் பற்றி நானூறு வரி பேசியிருக்கின்றன. நான் உதவி கேட்டது அதற்கடியில் எங்கேயோ கிடக்கிறது.

4.52க்கு ரெமி வந்திருக்கிறான். நிஜ ரெமி.
"யக்கா, ஏனோ மனசு சரியில்ல. நல்லாருக்கியா?"
என் கணக்கு: "நல்லாருக்கேம்ல. நீ சாப்டியா?"
"சரிக்கா. வியாழக்கெழம படகுத்துறைக்கு வாரேன்."
4.54க்குப் போய்விட்டான்.

நான் அவனிடம் போடும் அந்த 'ல'வைக்கூட விடவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்.

பதிவு 217: 5.40
"ரெமி, அது நான் இல்லை" என்று அனுப்பினேன். "சூப்பர்க்கா."

இதைக் கண்டெடுப்பவருக்கு. துறையில் என் உயரத்தில், காதில் கடுக்கனோடு ஒருத்தன் நிற்பான். நீங்கள் சொன்னால் நம்ப மாட்டான். அக்காவோடு இப்போதுதான் பேசினேன் என்று போனைக் காட்டுவான். முதலில் அதை வாங்கி அணைத்துவிடுங்கள். அது இன்னும் அவனிடம் 'சாப்டியா' என்று கேட்