பெட்டி லாரியின் குளிர்

11-5-84, வெள்ளி

தேங்காய்த்திட்டுத் துறையில் இன்று எறா நல்ல வரத்து. பகல் ஒரு மணிக்குள் ஷெட்டில் பெண்கள் இறால் தலை கிள்ளி முடித்துவிட்டார்கள். ஐஸ் போட்டு அடுக்கி, மூன்று மணிக்கு அம்மாவாசை பெட்டி லாரியை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் கிளம்பினான்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் குளிர். அதை நினைக்கும்போதெல்லாம் கடவுளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. மில் வேலையை விட்ட வருஷம் சைக்கிள் கேரியரில் கூடை கட்டி, உமி தூவிய ஐஸை மேலே போட்டுக்கொண்டு உழவர்கரை வரைக்கும் மிதித்தவன் நான். ஐஸ் தண்ணீர் காலில் ஒழுக ஒழுக ஓட்டுவேன். இன்று எனக்கென்று குளிர் மிஷின் வைத்த லாரி. ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் வேண்டாம் என்று தள்ளிய வண்டிதான். வாங்கி இரண்டு வருஷமாகிறது. ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் காலையில் பெட்டியைக் கழுவியதும் சாம்பிராணி போட்டேன். வீட்டில் என் பெண்சாதி கமலவேணி போடுவது மாதிரி ஒரு சிட்டிகை இல்லை, சட்டி நிறைய. கதவைச் சாத்திவிட்டு மிஷினின் காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் புகை மூலைமுடுக்கெல்லாம் போய் மீன் நெடியை எடுத்துவிடும். என் யோசனைதான். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை.

12-5-84, சனி

பாதிச் சரக்கு திரும்பி வந்துவிட்டது. மெட்ராஸ் கம்பெனி சூபர்வைசர் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாராம். பதினொரு டிகிரி. ஐஸ் எல்லாம் தண்ணீர்.

பதினொன்றா? எப்போதும் இரண்டு, மூன்றைத் தாண்டாதே.

14-5-84, திங்கள்

அம்மாவாசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிஷின் வழியெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம், ஒரு நிமிஷம் ஓயவில்லையாம், ஆனால் உள்ளே காற்று முன்போல வீசவில்லையாம். போன மாதமே என்னிடம் சொன்னானாம். சொல்லியிருப்பான். ஏலத்துக்கு ஓடும் அவசரத்தில் நான் காதில் போட்டிருக்க மாட்டேன்.

நான் நம்பியது குச்சியைத்தான். குளிர் மிஷினுக்குத் தனி டீசல் டாங்கி உண்டு. மூங்கில் குச்சியில் கத்தியால் வெட்டு வைத்திருக்கிறேன். வண்டி போகும்போதும் வரும்போதும் டாங்கியில் விட்டுப் பார்ப்பேன். எப்போதும் ஆறு வெட்டுதான் இறங்கும். இந்த முறை ஒன்பது.

டீசல் கூடுதலாகப் போயிருக்கிறது, குளிர் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? மிஷினை வழியில் நிறுத்திவிட்டு டீசலை எவனுக்கோ இறக்கியிருக்கிறான். வேறு என்ன இருக்க முடியும்?

18-5-84, வெள்ளி

நேற்றுப் போன சரக்கும் அப்படியே. கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டார், இன்னொரு முறை இப்படி வந்தால் அதற்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று. அம்மாவாசையை நிறுத்திவிட்டேன். ஷெட்டில், எல்லார் எதிரிலும்.

சாம்பிராணி இரண்டு சட்டி போட்டேன். நேரம் சரியில்லை.

19-5-84, சனி

வீராயி இன்று வேலைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். அம்மாவாசையின் பெண்சாதி, என் ஷெட்டில் எறா கிள்ளுகிறவள். வந்தாள். வழக்கம்போல முதல் ஆளாக. குனிந்த தலை நிமிரவில்லை. மற்றப் பெண்களும் இன்று பேசிச் சிரிக்கவில்லை. அவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று நான் எத்தனை நாள் அதட்டியிருக்கிறேன். இன்று அந்தச் சத்தம் இல்லாமல் ஷெட்டில் உட்கார முடியவில்லை.

போகும்போது என் எதிரில் வந்து நின்று ஒன்று சொன்னாள்.

"மிஷின நிறுத்தி எறாவ கெடுத்தாருன்றீங்க. அது நான் கிள்ளுன எறா முதலாளி. எங்கையில இருக்கிற முள்ளு கீறலுக்கு அவருதான் தெனம் மருந்து போட்டு வுடுறாரு."

கமலவேணியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

21-5-84, திங்கள்

தற்காலிகமாக ஒரு டிரைவரைப் பிடித்து, நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது சரக்கு. இதுவும் திரும்பினால் இரண்டு வருஷப் பழக்கம் போச்சு. அதனால் பாதிப் பெட்டிதான் ஏற்றினேன், அதற்கு இரட்டை ஐஸ்.

புதுச்சேரியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் தலைக்கு மேல் அந்த மிஷின் சத்தம். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினேன், ஓடுகிறது. செங்கல்பட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது, ஓடுகிறது. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடும், குளிர் ஏறியதும் அடங்கும், பிறகு ஓடும். இது ஓயவே இல்லை. அம்மாவாசை சொன்னானே, ஒரு நிமிஷம் ஓயல என்று. அதே வார்த்தை.

மெட்ராஸில் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினேன். குளிர்க் காற்று ஒரு நூல் மாதிரி வந்தது. பத்து டிகிரி. இரட்டை ஐஸ் இருந்ததால் எறா தப்பியது. சூபர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைதான் கடைசி, வண்டியைச் சரி பண்ணிக்கொண்டு வா என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வந்ததும் குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒன்பது வெட்டு.

நான் உட்கார்ந்திருந்த வண்டியிலேயே ஒன்பது. அப்போ யார்ரா திருடன்? நானா? ஏழு வருஷம் எங்கிட்ட வண்டி ஓட்டினவனைப் பத்துப் பொம்பளைங்க எதிர்ல திருடன்னு சொன்னேனே. இந்த வாயை எதால கழுவுறது.

22-5-84, செவ்வாய்

முல்லா வீதியிலிருந்து கமருஸ்ஸமான் பாய் வந்தார். கப்பலில் குளிர் அறை வேலை பார்த்தவர், இப்போது ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. நான் கேஸ் போயிருக்கும், அடைத்துவிடுங்கள் என்றேன். அவர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், கடியாரம் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார்.

"கேஸெல்லாம் பத்தரமா இருக்குது அண்ணே. காத்துக்குத்தான் வழியில்ல."

பெட்டிக்குள் ஏறி, முன்பக்கச் சுவரில் காற்றாடி மூடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால்தான் காயில் இருக்கிறது. செம்புக்குழாயும் அதன் மேல் புத்தகத் தாள் மாதிரி நெருக்கமாக அலுமினியத் தகடுகளும். தகட்டுக்குத் தகடு இருக்கிற சந்து வழியாகத்தான் காற்று புகுந்து குளிர்ந்து வரவேண்டும். ஒரு சந்தும் தெரியவில்லை. பலகை மாதிரி இருந்தது. கருப்பும் பழுப்புமாக ஏதோ படிந்து, அதில் மீன் செதில் ஒட்டிப் பளபளக்கிறது. பெட்டி குளிரவில்லை என்று மிஷின் ஓயாமல் ஓடுகிறது, ஓடுகிற அளவுக்கு டீசல் குடிக்கிறது என்று பாய் விளக்கினார். ஒன்பது வெட்டுக்குக் கணக்கு அங்கேயே தீர்ந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய பிரஷுமாக உட்கார்ந்தார். செதில் வந்தது, அந்தப் படிவு அசையவில்லை. "மீன் பிசுக்குன்னா இந்நேரம் வந்துருக்கணும், இது வேற என்னவோ" என்று வெந்நீர் கேட்டார். கமலவேணி ஒரு அண்டா கொண்டுவந்தாள். அவர் செம்பில் மொண்டு காயில் மேல் ஊற்றினார்.

ஆவி எழும்பியது. கூடவே வாசனை. வெள்ளிக்கிழமை வாசனை.

பாய் மூக்கை உறிஞ்சினார். திரும்பி என்னைப் பார்த்தார். கமலவேணியும் பார்த்தாள்.

"அண்ணே, எங்க கடைக்கும் வியாழக்கிழம சாயங்காலம் பக்கிர் வந்து சாம்பிராணி காட்டிட்டுப் போவாரு. வாசல்ல காட்டுவாரு. நீங்க மிஷினுக்கு மூச்சுல புடிச்சு உள்ள ஏத்தியிருக்கீங்க."

காற்றாடியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, ஈரக் காயில் மேல், சட்டி சட்டியாக, நூறு வெள்ளிக்கிழமை. என் யோசனைதான்.

23-5-84, புதன்

சாம்பிராணி பிசின். தண்ணீருக்கு அசையாது. மண்ணெண்ணெய் போட்டால் எறாவில் நாற்றம் ஏறும். பாய் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு ராமலிங்கம் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரத் தெருவில் பழைய பிரெஞ்சு நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிற ஆள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறான்? அரக்கு கரைந்தால் இதுவும் கரையாதா? ஓடிப்போய் ஒரு கேன் வாங்கிவந்தேன். பாய் என் தோளில் தட்டினார். தப்பு செய்த மூளை ஒரு நல்லதும் செய்தது.

இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்து, பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாமல், துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு சந்தாகத் துடைத்தோம். காப்பி டிக்காஷன் மாதிரி வழிந்தது. மடங்கிப்போன தகடுகளை நிமிர்த்த கமலவேணியின் பேன் சீப்பைக் கொடுத்தேன். "அத திருப்பிக் கொண்டாராதீங்க" என்றாள். நான்கு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அதற்குத்தான்.

கீழே தண்ணீர் வடிகிற குழாயில் செதில் கெட்டியாக அடைத்திருந்தது, அதையும் குத்தி எடுத்தார். வெளிக் காயிலில் இருந்த ரோட்டுப் புழுதியைக் கழுவினார். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீர், நல்ல தண்ணீர், பிறகு நன்றாகக் காயவிட்டார். சாயங்காலம் ஓடவிட்டார். பெட்டிக்குள் நின்றேன். காற்று சட்டையைத் தூக்கியது. இருபது நிமிஷத்தில் மிஷின் தானாக அடங்கியது. அந்த அமைதியைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கூலிக்கு மேல் பாய் எதையும் வாங்கவில்லை. எறா கொடுத்தேன், "வீட்டுல சலீமாவுக்கு எறா ஒத்துக்காது, வஞ்சிரம் இருந்தா குடுங்க" என்றார். ஆயுசுக்கும் வஞ்சிரம் தருவேன்.

24-5-84, வியாழன்

அம்மாவாசை வீட்டுக்குப் போனேன். உழவர்கரையில் செங்கல் லாரி ஓட்டுகிறானாம். உடம்பெல்லாம் செம்மண்ணோடு அப்போதுதான் வந்தான். வாங்க என்றான், ஸ்டூல் போட்டான், தண்ணீர் கொடுத்தான். அதுவே எனக்குக் கூசியது.

எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிராணியையும். வீராயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தப்பு என் மேல்தான், மனதில் வைத்துக்கொள்ளாமல் வா என்றேன்.

அவன் கைச் செம்மண்ணைத் தேய்த்து உதிர்த்தான்.

"இங்க வந்து சொல்றது பெரிசுதான் முதலாளி. ஆனா என்னைத் திருடன்னது இங்க இல்லியே. ஷெட்டுல."

"ஷெட்டுலயே சொல்றேன்."

"சொல்லுங்க. கேட்டுட்டு வண்டி சாவிய எடுக்கறேன்."

வியாபாரத்தில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். இதைவிட நியாயமான பேரம் பார்த்ததில்லை.

25-5-84, வெள்ளி

சொன்னேன். பெண்கள் எல்லாரும் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அம்மாவாசை டீசல் திருடவில்லை, மிஷினை நிறுத்தவில்லை, குளிரை அடைத்தது என் சாம்பிராணி, அவனைத் திருடன் என்ற என் வாய்தான் தப்பு. அந்தக் குஞ்சம்மாள் இருக்கிறாளே, வாய் சும்மா இருக்குமா? "அப்ப மிஷினுக்கு சாமி வந்துதான் ஓயாம ஆடுச்சா முதலாளி?" என்றாள். ஷெட்டே சிரித்தது. வீராயியும். அந்தச் சத்தம் திரும்ப வந்ததே, போதும்.

அம்மாவாசை சாவியை எடுத்தான். வழக்கமான வெள்ளிக்கிழமைச் சட்டியோடு நான் நிற்பதைப் பார்த்து வீராயி அதை என் கையிலிருந்து வாங்கி, வண்டியின் வெளிப்பக்கமாகவே ஒரு சுற்றுச் சுற்றிப் புகை காட்டிவிட்டு, வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் வைத்தாள்.

நாளைக் காலை மெட்ராஸ் சேரும்படி கிளம்புகிறான். முழுச் சரக்கு.

26-5-84, சனி

இரண்டு டிகிரி.

14-3-86, வெள்ளி

இன்று காயில் கழுவுகிற நாள். மாதம் ஒரு முறை அம்மாவாசையே பார்த்துக்கொள்கிறான், பாய் கற்றுக்கொடுத்ததுதான். கழுவிய தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் கதவின் உள்பக்கம் எழுதிவிடுவான். கதவில் இடமில்லாமல் போய் இப்போது பக்கவாட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான்.

வடிகுழாய் அடைத்துக்கொண்டது. ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழந்துணியைச் சுற்றிக் கட்டி உள்ளே விட்டுக் குத்தினான். செதிலும் சேறுமாக வந்து, பிறகு தண்ணீர் தெளிவாக விழுந்தது. குச்சியைக் கழுவிக் கதவோரம் சாத்தினான். அப்போதுதான் அதில் இருந்த கத்தி வெட்டுகளைப் பார்த்தேன். என் டீசல் குச்சி. அது எங்கே போயிற்று என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் தேடவில்லை.

நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான்.

"நீளம் சரியா இருக்குது முதலாளி," என்றான்.