மொரிதா எழுதிய சிபாரிசு

புதுச்சேரி
3.6.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் முதலாளி மொரிதாவின் சிபாரிசுக் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இந்த மெயிலில் இணைத்திருக்கிறேன். நான் படித்த ஜப்பானியம் முதன்முறையாக நம் வீட்டுக்கு உதவுகிறது, தலைகால் புரியவில்லை. இங்கே உழவர்கரைக் கம்பெனி அதை வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது. இந்த வேலை கிடைத்தால் நான்கு வருடம் கழித்து நாம் ஒரே வீட்டில் இருப்போம். வரிக்கு வரி அப்படியே எழுதினேன், ஒரு சொல்லும் விடவில்லை.

அன்புடன்,
ரூமானா

நகோயா
4.6.2024

அன்புள்ள ரூமானாவுக்கு,

ஸலாம். 'எங்கள் ஸாகிப் இன்னும் தேறாதவன், தொந்தரவு கொடுப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றா எழுதியிருக்கிறார்? நான்கு வருடம் லீவு போடாமல் உழைத்தேன். இதை வைத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பது? அனுப்பாதே. இங்கேயே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஸாகிப்

புதுச்சேரி
5.6.2024

அன்பு மச்சான்,

கையெழுத்துப் போடாதீர்கள். தப்பு என்னுடையது. என்னோடு ஜப்பானியம் படித்த சிந்துஜாவிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, நம்ம வீட்ல பொண்ண கட்டிக் குடுக்கறப்ப, 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்'னு சொல்றதில்ல? அவங்களும் வெளியாள்கிட்ட தன் வீட்டுப் புள்ளயத்தான் தாழ்த்திச் சொல்லுவாங்க. இங்கிலீஷ்காரன் அத எப்டி சொல்லுவானோ அப்டி எழுது" என்றாள்.

மச்சான், அவர் உங்களைத் தன் பிள்ளையாக நினைக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பீச் ரோட்டில் இரண்டு மணி நேரம் நடந்தபடி ஆங்கில வரிகளை வாய்விட்டுச் சொல்லி, நாக்கு இடறிய இடத்தையெல்லாம் மாற்றினேன். சுண்டல்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வரி இப்போது இப்படி: 'ஸாகிப் எங்கள் குடும்பத்தில் ஒருவர். அனுப்ப மனமில்லாமல்தான் உங்களிடம் அனுப்புகிறேன்.' அவர் சொல்ல வந்தது இதுதானா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ரூமானா

நகோயா
6.6.2024

ரூமானா,

என் அரைகுறை ஜப்பானியத்தில் சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதேதான்" என்றார். உடனே அனுப்பிவிடு. கடைசியில் உன்னைப் பற்றியும் ஒரு வரி எழுதினாராம். ஆங்கிலத்தில் காணோமே?

ஸாகிப்

புதுச்சேரி
14.6.2024

அன்பு மச்சான்,

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். காலையிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு சொல்லும் விடவில்லை என்று எழுதியது பொய். அந்த வரியைக் கோபத்தில் விட்டுவிட்டேன். 'மனைவிக்கு ஒன்றும் தெரியாது, நான் போய்த்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாப்பாட்டு வேளையில் தினமும் சொல்வார்' என்று இருந்தது. இப்போது அதையும் சிந்துஜா சொன்ன மாதிரியே பெயர்த்துப் பார்த்துவிட்டேன். கம்பெனிக்கு அனுப்பவில்லை, நானே வைத்துக்கொண்டேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
ஒன்றும் தெரியாத ரூமானா