நகைக்கடைக்குள் கேஜ்

அன்புப் பேரனுக்கு ஆயா எழுதிக்கொள்வது.

உன் தங்கச்சி ஸ்வீட்டி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். உன் தம்பிக்கு பெங்களூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீயோ டோக்கியோவில், வானத்தை முட்டுகிற அடுக்குமாடிகளும் பணக்காரக் கடைகளும் கட்டுகிற பெரிய ஜப்பான்காரரிடம் பிளான் போடுகிறாய் என்று சர்ச் முழுக்கச் சொல்லியாயிற்று.

நீ அனுப்பிய நகைக்கடை போட்டோவும் வந்தது. தாத்தாவின் தங்க மைன்ஸ் கதைகளை நீ சொல்ல, அந்த ஜப்பான்காரர் அப்படியே கட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கருங்கல் சுவர், ஆட்களை ஏற்றி இறக்க, மைன்ஸில் இருந்த மாதிரியே லிப்டாக ஒரு இரும்புக் கேஜ். அதிலிருந்து வெளியே வரும் சீமாட்டிகளுக்குக் காவல்காரன் குனிந்து வணக்கம் வைக்கிறான். பக்கத்தில் நீ சிரிக்கிறாய்.

அடுத்த வீட்டு எல்லம்மா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இவங்கள துணிய அவுக்கச் சொல்லலியா?" என்றாள்.

ஷிப்ட் முடிந்து கேஜில் ஏறி வந்த உன் தாத்தாவை, தங்கத்தை ஒளித்திருக்கிறானா என்று மைன்ஸ் காவல்காரர்கள் துணியை அவிழ்த்து, வாயைத் திறக்க வைத்துத் தேடினார்களே, அதையும்தானே உன்னிடம் சொன்னார்? அதை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டாயா?

அந்தப் போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கேஜ் இல்லாமல், உன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வாயைத் திறந்து சிரிக்காதே.

உன் ஆயா