முதலாளியின் தாயார் பெயர்

அனுப்புநர்
க. காசிநாதன்,
குத்தகை விவசாயி,
வடக்கனந்தல்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: ஜவுளிக்கடையில் வேறு பெயரில் வேலை பார்த்து இறந்த என் மனைவியின் இறப்பை அவருடைய சொந்தப் பெயரில் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் மனைவி ஜெயம்மாள் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடித்து அடுக்கும் வேலை பார்த்தார். சேர்ந்த அன்றே முதலாளி, "எங்கம்மா பேரும் அதாம்மா. அந்தப் பேரச் சொல்லி உன்ன எப்படி அதட்டறது? இன்னியிலேர்ந்து நீ சந்தியா" என்று சொல்லிவிட்டார். கழுத்தில் மாட்டும் அட்டையிலும் அதுவே. நாற்பது வயதுக்கு மேல் புதுப் பெயரா என்று நான்கூடக் கேலி செய்தேன். தாயார் மேல் அவர் வைத்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. என் மாமியாரும் தன் மகளுக்கு ஆசையாகத்தான் பெயர் வைத்தார்.

2. கடந்த ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டை எடுக்கும்போது ஏணி சரிந்து விழுந்தார். தலையில் அடி. கடையாட்கள் அரசு மருத்துவமனையில் சேர்த்து, அட்டையில் உள்ள பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தகவல் தெரிந்து அங்கே ஓடிய நான் ஜெயம்மாள் எங்கே என்று கேட்டேன். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். அவர்கள் மேல் தவறில்லை. பதறிய நேரத்தில் கடைப் பெயர் எனக்கு ஞாபகமே வரவில்லை. தனியார் மருத்துவமனைகளில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டுக் கடைக்குப் போனேன். உடன் வேலை பார்த்த செவ்வந்தி, "அண்ணா, சந்தியான்னு கேட்டீங்களா?" என்றது. நான் திரும்பிப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

3. "சந்தியாம்மா, கண்ணத் தொறங்க" என்று நர்சம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அசைவே இல்லையாம். எவ்வளவு அசந்து தூங்கினாலும், ஜெயம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள் அய்யா. அப்படிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

4. இறப்புப் பதிவிலும் சந்தியா என்றே இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று கடையில் எழுதிக் கொடுத்தால் திருத்தலாம் என்கிறார்கள் பதிவு அலுவலகத்தில். எழுதிக் கொடுத்தால் விபத்து தன் தலையில் விழும் என்று பயந்து, ஜெயம்மாள் என்று யாரும் தன்னிடம் வேலை செய்யவில்லை என்கிறார் முதலாளி. பெயரை மாற்றி வேலை வாங்கியது சட்டப்படி சரியா என்று கேட்டதற்கு, "கடையில கூப்பிடற பேருக்கு இன்னாய்யா சட்டம்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. ஆகவே கடையை விசாரித்து, வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலாளி வேறு பெயர் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அட்டையில் சொந்தப் பெயரே இருக்க வேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன்.

ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் என் மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறார். அது நிஜமாக இருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை. கொள்ளி வைத்தவன் நான். ஜெயம்மாள் இறந்துவிட்டாள் என்று எழுதித் தருமாறு தங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எந்தப் புருஷனும் வாய் திறந்து கேட்கிற வரம் இல்லை இது.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 22.09.2025

இப்படிக்கு,
ஜெயம்மாளின் கணவன்
க. காசிநாதன்