பழைய வீட்டு ஓனர்

அன்பு மகள் தரணிக்கு,

திருப்பதி நம்பர் என்றதும் நீதான் என்று நினைத்து, "சோறு துன்னியா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். "ஏங்க, புத்தூர் வீட்டு ஓனருங்களா?" என்றது ஓர் ஆண் குரல். நீ பார்த்துவிட்டு வந்த வீட்டின் சொந்தக்காரர். முன்பு குடியிருந்த வீட்டு ஓனர் என்று நீ என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தொண்டையைச் செருமிக்கொண்டு ஓனரானேன்.

"தரணி வாடகை ஒழுங்கா குடுத்துச்சா?"

"ஒண்ணாந்தேதி காலையிலயே கைக்கு வந்துடும்." உன்னிடம் நான் வாங்கியது காப்பி மட்டும்தான்.

"புருசன் கூட இல்லியாமே. தொந்தரவு எதுனா?"

"இருக்கற எடமே தெரியாதுங்க. மோட்டார் போட்டா நிறுத்த மட்டும் மறந்துடும்." முழுக்கப் புகழ்ந்தால் அப்பன் என்று கண்டுபிடித்துவிடுவாரே!

அவர் சிரித்துவிட்டார். நாளைக்கே சாவி தருவதாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான், சந்தோஷமாகக் குடி போ.

நீ ஹாஸ்டலில் இருந்தவரை, என்றைக்காவது வந்துவிடுவாய் என்று மாடி அறையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தேன். போனை வைக்கும் முன் நாக்கு நுனிவரை வந்ததை அவரிடம் சொல்லவில்லை: "குடுக்காதீங்க சார். எம் பொண்ணு எங்கிட்டயே வந்துடட்டும்."

உன் நைனா