தண்ணீர் இழுத்த பக்கம்

2009 மார்கழி 26, பனிச்சங்கேணி

சுனாமியில் போன என் மகன் சிவத்தின் திவசத்துக்கு இருந்தவர்கள்: நான், மருமகள் கமலா, பேத்தி நிரோசா, சண்டை முடிந்து வன்னியிலிருந்து வந்த என் தம்பி நல்லையா.

சாப்பிடும்போது நிரோசா வந்தாறுமூலைக் கம்பசில் படித்த ஒரு சொல்லைச் சொன்னாள். பிளாங்டன். கிரேக்கச் சொல்லாம். அலைந்து திரிவது என்று அர்த்தமாம். நீரோட்டத்தை எதிர்க்கப் பலமில்லாத கடல் உயிர்கள் எல்லாம் அதுதானாம், நாங்கள் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் கூட.

"சுனாமியண்டு நாங்களும் அதுதானே அக்கா," என்றான் தம்பி. "தண்ணி இழுத்த பக்கம் போனம்."

அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து, சோற்றில் இருந்த அவன் கையிலேயே அடித்தேன். சோறெல்லாம் ரத்தம்.

"தோணியப் புடிச்ச என்ட மகன்ட விரல்ல துடுப்பால அடிச்சியேடா, அந்தத் துடுப்பையும் தண்ணியா இழுத்தது?"

நிரோசா எழும்பிவிட்டாள். அவளுடைய அப்பா செத்த விதத்தை இன்றுவரை அவளுக்கு நாங்கள் சொன்னதில்லை.

"தோணி கவுண்டிருக்கும், உள்ளுக்கு நீயிருந்தாய்," என்று தம்பி அழுதான். "அடிக்காதடா எண்டு நீயும் சொல்லல்லையே அக்கா."

மெய்தான். அன்று தோணியில் நான் வாய் திறக்கவில்லை. நிரோசா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கம்பசுக்குப் போய்விட்டாள்.

என் உயிரைக் காத்தவன்தான். இருந்தும் என் கட்டை வேகும்வரை மன்னிக்கமாட்டேன், நல்லையாவை.