கடைசிச் சண்டையில் வென்றது யார், மச்சான்?

என் உயிர் மச்சான் நேசனுக்கு,

நீ போய் இருபத்திரண்டு நாளாகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? நீ வருடக்கணக்காகத் தேடித் திரிந்த அந்த ஜப்பான் வாள்வீரர் படம், உன் மகள் தர்சினி உனக்கென்று சொல்லி எடுப்பித்த டிவிடி, நீ போன ஆறாம் நாள் தபாலில் வந்தது.

இந்த நினைவுமலரை வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். நீ என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே அகதிகள் விடுதியில் நாம் ஒரே அறை. நான் ஜேர்மனிக்கு வந்து ஆறு மாதம், நீ வந்து ஆறு நாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் கைவிட்டாலும் ஜேர்மன் மொழி தானாகவே என் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. வுப்பர்டால் நகரம் முழுக்க அதற்குச் சாட்சி. அந்த ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் படம் ஓடியபோது நான்தான் உனக்கு மொழிபெயர்த்தேன். ஜப்பான்காரர் ஜேர்மனில் பேசினார்கள். நான் அதைவிடத் திறமாகத் தமிழில் பேசினேன்.

இரண்டு பெரிய வீரர்கள். ஒருவன் கண் தெரியாதவன், ஊன்றுகோலுக்குள் வாள் வைத்திருப்பவன். மற்றவன் கூலிக்குக் காவல் நிற்கிற முரடன். நீ முரடன் பக்கம், நான் கண் தெரியாதவன் பக்கம். கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நின்ற நேரம் பார்த்து, உனக்கு ஊரிலிருந்து தொலைபேசி என்று கீழே கூப்பிட்டார்கள். நீ ஓடினாய். திரும்பி வந்து மூச்சு வாங்கக் கேட்டாய்: "ஆர் வென்றது?"

"என்ரை ஆள்தான். ஒரே வெட்டு!" என்றேன்.

அன்று தொடங்கிய வாதம். எந்தக் கலியாண வீட்டில், எந்தப் பிறந்தநாளில் நாம் அதை விட்டோம்? போன மாதம் ஆஸ்பத்திரியிலும் கேட்டாய்.

"மச்சான், இப்பவாவது உண்மையைச் சொல்லு. என்ரை ஆள் தோத்தவனோ?"

"ஓம் மச்சான். தலை பறந்துபோய் அரிசி மூட்டைக்குள்ளை விழுந்தது."

"போன முறை கிணத்துக்குள்ளை விழுந்தது எண்டு சொன்னனி."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாயா?

டிவிடியைத் தங்கச்சியும் தர்சினியும் நானுமாகப் பார்த்தோம். இருவரும் வாளை உருவினார்கள். நான் உட்கார்ந்திருந்த கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு, மச்சான், வாளை இறக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்துபோனார்கள். இதற்காகவா இத்தனை வருடம்?

"மாமா, ஒருத்தரும் சாகேல்லையே!" என்றாள் தர்சினி.

படம் எடுத்தவனை நான் திட்டாத திட்டில்லை. ஆனால் இரண்டு பெரிய கதாநாயகர்களைச் சேர்த்துப் போட்டால் ஒருவனையும் தோற்க விடமாட்டார்கள். விட்டால் ரசிகர்கள் திரையைக் கிழித்துவிடுவார்கள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"அப்பா கடைசியா உங்களிட்டைக் கேட்டது இதைத்தானே மாமா. ஏன் பொய் சொன்னனீங்கள்?"

நான் டிவிடியை எடுத்து உறைக்குள் போட்டேன். தங்கச்சிதான் சொன்னாள்: "அண்ணை, மலருக்கு எழுதுறதெண்டால் இதை எழுதுங்கோ. அவர் வள்ளல், வீரன் எண்டெல்லாம் எழுதவேண்டாம்."

எழுதுகிறேன். நேசன், அந்தச் சண்டையை நான் பார்க்கவே இல்லை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே செத்த செய்திதான் என்றிருந்த காலம். நீ விழுந்துவிட்டால் பிடிக்க ஆள் வேண்டுமென்று உன் பின்னாலேயே வந்து படிக்கட்டில் நின்றேன். நீ சிரித்துப் பேசுவது கேட்டது. உனக்குத் தெரியாமல் முன்னாலேயே மேலே ஏறி வந்தபோது படம் முடிந்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம். வெட்டுக்குத்தைச் சொல்வது சுகமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று மண்டபத்தில், இத்தனை வருடம் என் கதையை நம்பியவர்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "நேசனின் ஆள் தோற்கவில்லை" என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் உட்கார்ந்துவிடுவேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் பெண்சாதியின் அண்ணன், உன்னை விழவிடாமல் பிடிக்க வந்து நின்ற
மச்சான் குணம்